எந்தக் காலேஜ்?

போன மாதம் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். "எனக்கு இதில் சம்மதம் இல்லை." அவ்வளவுதான். அதற்கு எழுபதுக்கு மேல் பதில்கள் வந்து விழுந்தன. ஐம்பது வருடமாக என்னை 'மச்சான்' என்று கூப்பிடுகிறவன், அன்றைக்கு முதல் முறையாகப் பெயரோடு 'சார்' சேர்த்து எழுதினான். அவன் கோபத்தின் அளவு அதிலேயே தெரிந்தது.

குரூப்பில் விளக்கம் எழுதினால் சண்டைதான் வளரும். அதனால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற நீங்களும் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். உங்களுக்கும் ஒரு பேட்ச், ஒரு குரூப் இருக்கும். இன்றோ நாளையோ இதே பேச்சு அங்கேயும் வரும்.

விஷயம் இது. 1970-ல் பி.யூ.சி. முடித்துச் சேர்ந்து, ஐந்து வருடம் படித்து, 1975-ல் பி.இ. பட்டம் வாங்கியவர்கள் நாங்கள். 2025-ல் பொன்விழாக் கொண்டாடினோம். விழா நன்றாகவே நடந்தது. பழைய ஹாஸ்டல் அறையைப் போய்ப் பார்த்தோம். போய்ச் சேர்ந்தவர்கள் பெயரைப் படித்து எழுந்து நின்றோம். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது தெரிந்தது. அதை என்ன செய்யலாம் என்ற பேச்சிலிருந்து கிளம்பியதுதான் இந்த யோசனை.

எங்கள் பேட்சில் படித்தவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லோருக்கும் ஒரு பட்டியல் போடுவது. யார் எந்தக் கம்பெனியில் என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். ஒருவர் வீட்டுப் பேரனுக்கு இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால், இன்னொருவர் மகன் தன் கம்பெனியில் ஏற்பாடு செய்து தர வேண்டும். வேலை காலி இருந்தால் வெளியே விளம்பரம் வருவதற்கு முன் இந்தப் பட்டியலுக்கு வர வேண்டும். அதோடு வரன் பார்ப்பதற்கும் தனியாக ஒரு பட்டியல். வெளியாருக்கு அனுமதி இல்லை. மிச்சப் பணத்தில் இதற்கென்று ஒரு இணையதளம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நண்பர்களுக்குள் உதவி. இதில் என்ன தப்பு என்று நீங்களும் கேட்பீர்கள். எனக்கு ஏன் மனசு ஒப்பவில்லை என்று சொல்கிறேன்.

நான் அந்தக் கல்லூரிக்குப் போன கதையிலிருந்தே தொடங்க வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா தறி நெய்தவர். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவையில் மூன்று, மதுரை தியாகராசர், காரைக்குடி அழகப்பா, சேலம், திருச்சி ஆர்.இ.சி., அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொண்டே வந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு இடம் கிடைத்தது சென்னையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில். அப்பா நெய்த வேட்டியையே கட்டிக்கொண்டு அட்மிஷனுக்குப் போனேன். பக்கத்தில் நின்ற பையன்கள் டெர்லின் சட்டையும் பேன்ட்டும் போட்டிருந்தார்கள்.

அந்த இடம் எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. மதிப்பெண் வாங்கினேன், உண்மைதான். ஆனால் மதிப்பெண் மட்டும் போதாத காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் இடங்களுக்கான வகுப்புவாரி உத்தரவு உச்ச நீதிமன்றம் வரை போய், 1951-ல் அது செல்லாது என்று தீர்ப்பானது. தமிழ்நாடே கொந்தளித்தது. அந்த ஆண்டே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அதில் எழுதிவைத்தார்கள். ஒரு தேசம் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியதற்கு ஒரு காரணம் நம்ம ஊர்க் கல்லூரி இடங்கள். அந்தத் திருத்தம் வந்து 19 வருடம் கழித்துத்தான் தறிக்காரன் மகன் அந்த வாசலில் போய் நின்றேன். எனக்காக முன்பின் தெரியாத யார் யாரோ சண்டை போட்டிருந்தார்கள்.

உள்ளே போனபிறகு நடந்தது வேறு விஷயம். கதவைத் தாண்டியதும் இன்னொரு கதவு இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து வருடத்தில் நான் கற்ற கட்டடப் பொறியியலில் பாதி இப்போது மறந்துவிட்டது. மறக்காதது வேறு. மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது, சீனியரிடம் எப்படிப் பேசுவது, 'யா' என்று எங்கே சொல்ல வேண்டும், ஹிந்து பேப்பரை எப்படி மடித்துப் படிப்பது. மூன்றாம் வருடம் வந்தபோது என் பேச்சே மாறியிருந்தது. லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா, "என்னடா தொரை மாதிரி பேசுறே" என்பாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். இப்போது நினைத்தால் கொஞ்சம் வலிக்கிறது.

படிப்பு முடிந்ததும் வேலைக்கு அலைந்தேன். 1975-ல் இன்ஜினியர்களுக்கும் வேலை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. எட்டு மாதம் கழித்து எங்கள் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியராக இருந்த ஒருவர், தன் மேலதிகாரியிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அந்த மேலதிகாரியும் எங்கள் கல்லூரிதான். இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இப்பவும் ஹாஸ்டலில் புதன்கிழமை பூரிதானா?" கடைசிக் கேள்வியும் அநேகமாக அதுதான். வேலை கிடைத்தது. அந்த வேலையில் தொடங்கி 36 வருடம் ஓடியது.

குரூப்பில் எல்லோரும் என்னைக் குத்திக் காட்டியது இதைத்தான். "நீயே அப்படி வந்தவன்தானே, இப்ப எங்களுக்குத் தர்மம் சொல்ல வந்துட்டியா?" சரியான கேள்வி. நானே அப்படி வந்தவன் என்பதால்தான் அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் பூரி. இன்னொரு பக்கத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1998-ல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் இளம் பொறியாளர்கள் ஆறு பேரை எடுக்க வேண்டியிருந்தது. முதல் கட்டமாக விண்ணப்பங்களைப் பிரிக்கும் பொறுப்பு என்னுடையது. முந்நூறுக்கு மேல் வந்திருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாலையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்தால் இரண்டு நாள் ஆகும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்தேன். நான்கு கல்லூரிகளின் பெயர் இருந்தால் வலது பக்கம். இல்லாவிட்டால் இடது பக்கம். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வலது பக்கம் நாற்பது சொச்சம். இடது பக்கக் கட்டை நான் திறந்தே பார்க்கவில்லை. கயிறு கட்டி அலமாரிக்குள் வைத்தாயிற்று.

அந்தக் கட்டில் மேலே இருந்த ஒரு விண்ணப்பம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. விருதுநகர்ப் பக்கம் ஒரு சிற்றூர் விலாசம். அதனால்தான் கண்ணில் பட்டது. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கைத்தறி' என்று எழுதியிருந்தான். கல்லூரி புதிதாகத் தொடங்கிய ஒரு சுயநிதிக் கல்லூரி. பெயரைக் கேட்டதில்லை. இடது பக்கம் வைத்தேன்.

அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. பெரிய ஆளாகி என்னைத் தேடி வந்தான் என்று சினிமாவில் காட்டுவார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவன் அனுப்பிய காகிதத்தை நான் படிக்கவில்லை என்பதுதான். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மேலதிகாரி பாராட்டினார். "நல்லா ஃபில்டர் பண்ணியிருக்கீங்க" என்றார்.

இனி நண்பர்கள் சொன்ன வாதங்களுக்கு வருகிறேன். மூன்று வாதங்கள்.

முதல் வாதம்: கல்லூரிப் பெயர் என்பது தரத்துக்கு அத்தாட்சி. கஷ்டப்பட்டு மார்க் வாங்கியவன்தானே நல்ல கல்லூரிக்குப் போகிறான்?

ஓரளவு உண்மை. ஆனால் அந்த மார்க் எந்த வயதில் வாங்கியது? பதினேழு வயதில். அந்த வயதில் ஒருவனுக்கு மார்க் வருவதும் வராததும் அவன் மூளையை மட்டும் பொறுத்தது இல்லை. வீட்டில் விளக்கு எரிந்ததா, ஸ்கூலில் கணக்கு வாத்தியார் இருந்தாரா, ட்யூஷனுக்குப் பணம் இருந்ததா, பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு உடம்பு சரியாக இருந்ததா, இவ்வளவும் சேர்ந்ததுதான் மார்க். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-ல் நுழைவுத் தேர்வு கொண்டுவந்தோம். இருபது வருடத்துக்கு மேல் நடத்திவிட்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்று எடுத்தோம். அந்தத் தேர்வு இருந்தபோது ஒரு கல்லூரிக்குப் போயிருப்பவன், இல்லாதபோது வேறு கல்லூரிக்குப் போயிருப்பான். அதே பையன், அதே மூளை. பரீட்சை முறை மாறினால் மாறிவிடுகிற ஒன்றை, ஒருவனின் ஆயுள் முழுக்க நெற்றியில் எழுதி ஒட்டிவிடலாமா?

சந்திரயான் 3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று நாம் எல்லோரும் டி.வி. முன் உட்கார்ந்திருந்தோம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர். பிறகு தனியார் பொறியியல் கல்லூரி, அதற்குப் பிறகுதான் திருச்சி ஆர்.இ.சி., சென்னை ஐ.ஐ.டி. எல்லாம். சந்திரயான் 1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை கோதவாடி கிராமத்தில் தமிழில் படித்தவர். வீரமுத்துவேலின் டிப்ளமோ சான்றிதழ் மட்டும் கையில் இருந்த வயதில் அவருடைய விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருந்தால் எந்தப் பக்கம் வைத்திருப்பேன்? இடது பக்கம்தான். சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது வாதம்: நம்மவர்களுக்கு நாம் உதவாமல் வேறு யார் உதவுவார்கள்? உலகமே இப்படித்தான் நடக்கிறது.

உலகம் இப்படி நடக்கிறது என்பது சரி. வேலை எப்படிக் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1973-ல் எழுதிய கட்டுரை பிரபலமானது. நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற, அரைகுறையாகத் தெரிந்த ஆட்கள் மூலமாகத்தான் வேலைச் செய்தி அதிகம் வந்து சேர்கிறது என்றார் அவர். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆள்தான் புதுச் செய்தி கொண்டுவருவான். பெரிய கல்லூரியில் படிப்பவனுக்கு அப்படித் தூரத்து ஆட்கள் ஆயிரம் பேர் கிடைக்கிறார்கள். சீனியர், ஜூனியர், பக்கத்து ஹாஸ்டல்காரன், அவன் அண்ணன். சிற்றூர்க் கல்லூரியில் படித்தவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனைப் போலவே வேலை தேடுகிற நண்பர்கள்தான்.

ஆகவே உதவி ஏற்கெனவே நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. எங்கள் பேட்சில் எத்தனை பேர் பேரன்கள் அமெரிக்காவில் பிறந்தவர்கள்! எத்தனை பேர் மகன்கள் பெரிய கம்பெனிகளில் இயக்குநர்கள்! இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அந்தப் பேரன் பட்டினி கிடக்கப் போகிறானா? ஒரு போன் போட்டால் நடந்துவிடும் காரியத்துக்கு இணையதளம் வேறு. வெயிலில் நிற்பவனுக்குக் குடை பிடிப்பதை உதவி என்கிறோம். குடைக்குள் இருப்பவனுக்கு இரண்டாவது குடை பிடித்தால் அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டும்.

அந்தக் குடை இன்னொருவன் தலையிலிருந்து பிடுங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. கம்பெனியில் ஆறு இடம் இருந்தால் ஆறு இடம்தான். விளம்பரம் வருவதற்கு முன் நான்கு போய்விட்டால், வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு. அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

மூன்றாவது வாதத்தைக் கொஞ்சம் படித்த நண்பர் ஒருவர் சொன்னார். "சிபாரிசு இல்லாமல் ராமானுஜனே இல்லை. அவருக்கும் யாரோ லெட்டர் கொடுத்துத்தானே வேலை கிடைச்சது?"

நல்ல உதாரணம். அதையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கைத் தவிர வேறு எதையும் அவர் படிக்கவில்லை. பட்டம் இல்லாத அந்தப் பிள்ளை 1910 வாக்கில் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் என்ன பார்த்தார்? நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கும்பகோணத்தில் ராமானுஜனை அறிந்திருந்த பேராசிரியர் சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் தன் கைப்பணத்திலிருந்து மாதா மாதம் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகமே தன் வழக்கத்தைத் தளர்த்தி, பட்டமே இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ்.

இது சிபாரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிபாரிசு ஒவ்வொன்றும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபிறகு வந்தது. 'எந்தக் காலேஜ்' என்று கேட்டு வந்ததல்ல. கேட்டிருந்தால் கதை கும்பகோணத்திலேயே முடிந்திருக்கும். எங்கள் பட்டியலில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும் வேலையே கிடையாது. தாத்தா எந்த வருடம் எந்த ஹாஸ்டலில் இருந்தார் என்று பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராமானுஜனுக்குக் கை கொடுத்த நம்ம ஊர்ப் பெரியவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்காரர்கள்தான். அந்த வட்டத்தின் வாசல் வரை அவரால் போக முடிந்தது. அதே காலத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில், அப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இன்னொரு பையன் இருந்திருந்தால்? அவன் துணை கலெக்டர் வீட்டுத் திண்ணை வரைக்கும் போயிருப்பானா? அந்தத் திண்ணைகளைத் திறக்கத்தான் பின்னால் வந்தவர்கள் அத்தனை போராட்டம் நடத்தினார்கள். அந்தப் போராட்டத்தால் உள்ளே வந்த நாம், இப்போது நமக்கென்று ஒரு புதுத் திண்ணை கட்டி வேலி போடுகிறோம்.

வேலி என்றதும் வரன் பட்டியல் ஞாபகம் வருகிறது. நான் வெளியில் நின்று பேசவில்லை. 2004-ல் என் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். கூட வேலை பார்ப்பவன், நல்லவன் என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காலேஜ்?" பெயர்கூட இல்லை. அவள் சொன்ன பெயர் எனக்குத் தெரியாத ஒரு கல்லூரி. என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "அப்பா, நீங்க ஜாதி கேட்கமாட்டீங்கன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

ஜாதி கேட்பது அநாகரிகம் என்று கற்றுக்கொண்ட தலைமுறை நாம். கேட்காமல் இருக்கப் பழகினோம். ஆனால் கேட்கிற பழக்கத்தை விடவில்லை. கேள்வியை மட்டும் மாற்றினோம். பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று மேடையில் பேசுவோம். பதினேழு வயதுப் பரீட்சையால் உயர்வு தாழ்வு இருக்கலாமாம். அதுவும் நம்மோடு முடிந்தால் பரவாயில்லை. இப்போது பேட்ச் பட்டியலில் பேரனுக்கும் இடம் கேட்கிறோம். அந்தப் பேரன் எந்தப் பரீட்சை எழுதினான்? தாத்தா எழுதியது போதும் என்றால் அதற்குப் பெயர் தகுதி இல்லை, வாரிசுரிமை. அப்பனிடமிருந்து பிள்ளைக்கும் பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் போகிற உயர்வுக்கு நம்ம ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது என் மாப்பிள்ளை. மகள் பிடிவாதம்தான் காரணம், என் பெருந்தன்மை இல்லை. போன வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது இரண்டு வாரம் லீவு போட்டு வந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவர் அவர்தான். எந்தக் காலேஜில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இன்றைய நிலைமையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது நானூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள். உயர்கல்விக்குப் போகிறவர்கள் விகிதத்தில் நாம் நாட்டின் சராசரியைவிட வெகு மேலே: மத்திய அரசின் 2021-22 கணக்குப்படி நாட்டுக்கு 28.4 சதவீதம், நமக்கு 47. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் அதே தொகை. கூலிக்காரர் வீட்டுப் பெண், ஆட்டோக்காரர் வீட்டுப் பையன் எல்லாம் நாம் படித்த அதே வகுப்பறையில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் கதவை அரசு திறந்துவிட்டது. இரண்டாவது கதவுக்குச் சாவி எந்த அரசிடமும் இல்லை. அது நம் சட்டைப்பையில் இருக்கிறது. பேரனுக்கென்று நாம் பூட்டிவைத்தால், அந்தப் பிள்ளைகள் நான்கு வருடம் படித்து வெளியே வந்து, முந்நூறு விண்ணப்பத்தில் ஒன்றாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் யாரோ ஒருவரின் இடது பக்கம் போய்ச் சேருவார்கள்.

பேட்சைக் கலைத்துவிடு என்று நான் சொல்லவில்லை. நட்பைக் குறை சொல்லவில்லை. போன வருடம் ஒருவனுக்கு டயாலிசிஸ் செலவுக்கு இரண்டே நாளில் பணம் சேர்த்தோம். அந்த நட்பு இல்லையென்றால் இந்த வயதில் நமக்கு வேறு என்ன இருக்கிறது? ஒருவன் கஷ்டப்படும்போது கூட நிற்பது நட்பு. நிற்பதற்கு இடம் இருப்பவனுக்கே மேலும் இடம் பிடித்துக் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

குரூப்பில் 'சரி, நீ என்னதான் சொல்றே' என்று கேட்டார்கள். சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

அந்தப் பட்டியலைப் போடுங்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்காகப் போடாதீர்கள். நம் கல்லூரியில் இன்றைக்குப் படிக்கிற, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிற பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அதிலும் பாதி இடம், நாம் பெயர் கேள்விப்படாத கல்லூரிப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். நம் மகன்களும் மகள்களும் வருடத்துக்கு ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையாவது முழுசாகப் படித்து, எங்கே பலவீனம் என்று போனில் சொல்லட்டும். இன்டர்வியூவில் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு மணி நேரம் பழக்கிவிடட்டும். எனக்கு அந்த ஐந்து வருடத்தில் இலவசமாகக் கிடைத்தது அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடம் அது. வரன் பட்டியல் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னும் தேர்வுக் குழுக்களில் உட்கார்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு வேண்டுகோள். முதல் சுற்றில் கல்லூரிப் பெயர் இருக்கும் இடத்தை ஒரு காகிதம் வைத்து மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். நான் மிச்சப்படுத்திய அந்த இரண்டு நாளில் ஒன்றும் சாதித்துவிடவில்லை. கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

குரூப்பில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பேர் தனியாகப் போன் செய்து, "நீ சொல்றது சரிதான், ஆனா வெளியே சொல்ல முடியல" என்றார்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள். அவர்கள் வெளியே சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். 'மச்சான்' என்று கூப்பிடுகிறவன் இன்னும் பேசவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு நானே போகலாம் என்று இருக்கிறேன். அவன் அப்பா திருவல்லிக்கேணியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். முதல் வருடம் என் ஹாஸ்டல் அறைக்கு வந்து, எனக்கு பேன்ட் தைக்க அளவு எடுத்துக்கொண்டு போய், காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தது அவன்தான். அன்றைக்கு அவனுக்கு நான் யாரென்றே தெரியாது. அதை ஞாபகப்படுத்திவிட்டு, மிச்சத்தை அவனையே யோசிக்கச் சொல்லப் போகிறேன்.